பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1: புற்றுநோய் மருந்துக்கு எந்தப் புரதத்தை இலக்காகக் கொள்வது?

புற்றுநோய் மருந்தியலில் ஆய்வைத் தொடங்கும் மாணவர்களிடமிருந்தும், புதிய மருந்துகளைப் பற்றிப் படித்துவிட்டு வரும் வாசகர்களிடமிருந்தும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பிசிஎல்-2 புரதக் குடும்பத்தில் எந்த உறுப்பினரைக் குறிவைப்பது? ஏற்கெனவே மருந்தாக வெற்றி கண்ட பிசிஎல்-2 புரதத்தையா, திடக்கட்டிகளில் அதிகம் பேசப்படும் பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்தையா, பல வகைப் புற்றுநோய்களிலும் தலைகாட்டும் எம்சிஎல்-1 புரதத்தையா? மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன. மூன்றின் வடிவமும் ஏறத்தாழ ஒன்றுதான். மூன்றையும் ஆய்வகத்தில் திறம்படத் தடுக்கும் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஆனாலும் முதலாவது புரதத்துக்கு எதிரான மருந்து நோயாளிகளின் கைக்கு வந்துவிட்டது. இரண்டாவது, இரத்தத் தட்டணுக்களிடம் சிக்கிக்கொண்டது. மூன்றாவது, இதயத்தின் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புற்றுநோய்ச் செல்லில் எந்தப் புரதம் மிகுதியாக இருக்கிறது என்று பார்த்து இலக்கைத் தேர்வதுதான் இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. நலமான உடலில் எந்தச் செல் அந்தப் புரதத்தை நம்பி உயிர் வாழ்கிறது என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

## குடும்பத்தின் வேலை

பழுதடைந்த செல், அல்லது இனித் தேவைப்படாத செல், தன்னைத் தானே ஒழுங்காக முடித்துக்கொள்ளும் முறைக்கு அப்போப்டோசிஸ் என்று பெயர். அந்த முடிவு எடுக்கப்படும் இடம் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு. பாக்ஸ், பாக் என்னும் இரண்டு புரதங்கள் அந்தச் சவ்வில் துளையிட்டால் சைட்டோகுரோம் சி வெளியே கசிந்து, காஸ்பேஸ் நொதிகள் கிளர்ந்தெழுந்து, செல் மடிகிறது. துளையிடும் அந்த இரண்டையும் பிடித்துக் கட்டிவைப்பவை பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், பிசிஎல்-டபிள்யூ, எம்சிஎல்-1, பிஎஃப்எல்-1 ஆகிய காப்புப் புரதங்கள். பிம், பூமா, நோக்ஸா, பேட் போன்ற சிறிய தூதுப் புரதங்கள் செல்லின் பழுதை உணர்ந்து வந்து, காப்புப் புரதங்களின் மேற்பரப்பிலுள்ள ஒரு பள்ளத்தில் தங்கள் பிஎச்3 என்னும் பகுதியைப் பொருத்தி, அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. இன்றைய மருந்துகள் அனைத்தும் அந்தப் பிஎச்3 பகுதியைப் போல நடித்து, அதே பள்ளத்தில் போய் அமர்கின்றன.

பிசிஎல்-2 மரபணு 1980-களின் நடுவில் ஃபாலிகுலர் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் வந்த நோயாளிகளின் செல்களிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நோயில் 14, 18 ஆகிய இரு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறுகின்றன; எதிர்ப்புரதம் தயாரிக்கும் மரபணுவின் பக்கத்தில் பிசிஎல்-2 போய் ஒட்டிக்கொண்டு ஓயாமல் புரதத்தை உற்பத்தி செய்கிறது. 1988-இல் மெல்பர்னிலுள்ள வால்டர் அண்ட் எலைசா ஹால் நிறுவனத்தில் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் ஆகியோர் இந்தப் புரதம் செல்லைப் பெருகச் செய்வதில்லை, சாகவிடாமல் வைத்திருக்கிறது என்று காட்டினார்கள். புற்றுநோய் என்றால் கட்டுப்பாடற்ற பெருக்கம் என்று மட்டுமே எண்ணியிருந்த காலத்தில், சாக மறுப்பதும் புற்றுநோய்க்கு ஒரு வழி என்று அது உணர்த்தியது.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். இவற்றை வரிசைப்படியே கேட்க வேண்டும் என்பது என் பரிந்துரை.

முதலாவது, நலமான உடலின் தேவை. புரதத்தை முழுவதுமாகத் தடுத்தால் எந்தத் திசு முதலில் சரியும்? அந்தச் சரிவை அளக்க முடியுமா, மருந்தை நிறுத்தினால் அது மீளுமா?

இரண்டாவது, புற்றுநோயின் சார்பு. இங்கே சார்பு வேறு, அளவு வேறு. ஃபாலிகுலர் லிம்போமா நோயாளிகளில் பெரும்பாலானோரிடம் பிசிஎல்-2 மிகுந்திருக்கிறது. இந்த மரபணுவே அந்த நோயில்தான் கண்டெடுக்கப்பட்டது. ஆனால் பிசிஎல்-2 புரதத்தைத் தடுக்கும் வெனிடோகிளாக்ஸ் மருந்தைத் தனியாகக் கொடுத்த முதற்கட்டச் சோதனையில் அந்த நோயாளிகளில் 38 விழுக்காட்டினர் மட்டுமே பலன் பெற்றார்கள்; அதே சோதனையில் மேன்டில் செல் லிம்போமா நோயாளிகளில் 75 விழுக்காட்டினர் பலன் பெற்றார்கள். புரதத்தின் அளவைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பட்டை எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது என்பதை வைத்து இலக்கை முடிவு செய்ய நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, வேதியியல் பிடி: உடன்பிறப்புகளை விட்டுவிட்டு இந்த ஒரு புரதத்தை மட்டும் பிடிக்கும் மூலக்கூறைச் செய்ய முடியுமா? நான்காவது, எந்த நோயாளிக்குப் பயன்படும் என்று முன்கூட்டியே சொல்லும் சோதனை இருக்கிறதா? ஐந்தாவது, புற்றுநோய் எந்த வழியாகத் தப்பிக்கும்?

## பிசிஎல்-2: வழி திறந்த இலக்கு

2005-இல் வெளிவந்த ஏபிடி-737 என்னும் மூலக்கூறு இந்தக் குடும்பத்தின் பள்ளத்தில் உண்மையாகவே பொருந்திய முதல் வெற்றி. அதன் மாத்திரை வடிவமான நாவிடோகிளாக்ஸ் பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், பிசிஎல்-டபிள்யூ மூன்றையும் சேர்த்துத் தடுத்தது. அதில் பிசிஎல்-எக்ஸ்எல் தடுக்கப்பட்டதால் வந்த தொல்லைகளை அடுத்த பகுதியில் சொல்கிறேன். பிசிஎல்-2 புரதத்தை மட்டும் தடுக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த வெனிடோகிளாக்ஸ், மிகச் சிறிய ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டது. பள்ளத்தின் ஓரத்தில் 103-ஆம் இடத்தில் பிசிஎல்-2 புரதத்துக்கு அஸ்பார்ட்டிக் அமிலம் இருக்கிறது. பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்தில் அதற்கு நேரான இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்கிறது. ஒரே ஒரு கார்பன் அளவுக்கு நீளம் கூடிய பக்கச் சங்கிலி, அவ்வளவுதான் வித்தியாசம்.

நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா நோயாளிகள் 116 பேரிடம் நடந்த முதல் சோதனையில் 79 விழுக்காட்டினர் பலன் பெற்றார்கள். 17-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையை இழந்த நோயாளிகளுக்கு 2016-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. கடும் கீமோதெரபியைத் தாங்க முடியாத கடுமையான மைலாய்டு லுகேமியா நோயாளிகளுக்கு வெனிடோகிளாக்ஸை அசாசிட்டிடின் என்னும் புற்றுநோய் மருந்துடன் சேர்த்துக் கொடுத்தபோது, இடைநிலை வாழ்நாள் 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமாக உயர்ந்தது. முதியவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான சிகிச்சை பல ஆண்டுகளாக இல்லாதிருந்த ஒரு நோயில் இது பெரிய மாற்றம்.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. மருந்து நன்றாக வேலை செய்வதே முதல் ஆபத்தாக வந்தது. ஒரே இரவில் கோடிக்கணக்கான செல்கள் உடைந்து, அவற்றுக்குள் இருந்த பொட்டாசியமும் பாஸ்பேட்டும் யூரிக் அமிலமும் இரத்தத்தில் கொட்டினால் சிறுநீரகமும் இதயத் துடிப்பும் நிலைகுலையும். மேலே சொன்ன சோதனையின் அளவேற்றக் கட்டத்தில் 56 பேரில் மூவருக்கு இந்த நிலை வந்தது, ஒருவர் இறந்தார். அதன் பிறகுதான் லிம்போசைட்டிக் லுகேமியாவுக்கு 20 மில்லிகிராமில் தொடங்கி 50, 100, 200, 400 என்று வாரத்துக்கு ஒரு படியாக ஐந்து வாரங்களில் ஏற்றும் முறை வந்தது. முதல் மாத்திரைக்கு முன்பே நீரேற்றமும் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் தொடங்குகின்றன. ஆபத்து மிகுந்தவர்களுக்கு மாத்திரை போட்ட சில மணி நேரத்திலும் மறுநாளும் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். முறை மாற்றப்பட்ட பின் சேர்க்கப்பட்ட 60 பேரில் ஒருவருக்கும் அந்த நிலை வரவில்லை. அளக்க முடிந்த ஆபத்தைக் கட்டுப்படுத்தவும் முடிந்தது.

இரண்டாவது செலவு, தவறான நோயாளிகளுக்குக் கொடுப்பது. எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மைலோமா என்னும் புற்றுநோயில் 291 பேரிடம் நடந்த பெல்லினி சோதனையில் நோய் முன்னேறாத காலம் வெனிடோகிளாக்ஸ் பிரிவில் கூடியது. ஆனால் அதே பிரிவில் மரணங்களும் கூடின. 2019 மார்ச்சில் மைலோமா சோதனைகள் நிறுத்திவைக்கப்பட்டன. 11, 14 குரோமோசோம் இடமாற்றம் உள்ளவர்களுக்குப் பயன் தெளிவாகத் தெரிந்தது. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. நான்காவது அளவுகோலை ஏன் விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வலிய சான்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது, தப்பிக்கும் வழி. நீண்ட காலம் மருந்து எடுத்த சிலரிடம் 101-ஆம் இடத்திலுள்ள கிளைசின் வாலினாக மாறி, மருந்தின் பிடியைச் சுமார் 180 மடங்கு தளர்த்திவிடுகிறது. அதைவிட எளிய வழி, காவலை எம்சிஎல்-1 புரதத்திடமோ பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்திடமோ ஒப்படைத்துவிடுவது. குறிப்பிட்ட காலம் மட்டும் மருந்து கொடுத்து நிறுத்தும் சிகிச்சைத் திட்டங்களின் மேல் இன்று இவ்வளவு அக்கறை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

## பிசிஎல்-எக்ஸ்எல்: தட்டணுக்களின் கடிகாரம்

தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. எலும்பு மஜ்ஜையிலுள்ள பெரிய தாய்ச்செல்லிலிருந்து பிய்ந்து வரும்போது கூடவே கொண்டுவந்த பிசிஎல்-எக்ஸ்எல் இருப்பை வைத்துத்தான் அது உயிர் வாழ்கிறது. நாளாக ஆக அந்த இருப்பு கரைகிறது. பாக் புரதத்தைக் கட்டிவைக்கப் போதாத அளவுக்குக் குறையும்போது தட்டணு மடிகிறது. மனித உடலில் இதற்கு ஏழிலிருந்து பத்து நாட்கள் ஆகின்றன. 2007-இல் வெளியான ஓர் எலி ஆய்வு இதை நேர்த்தியாக நிறுவியது.

இப்போது பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்தைத் தடுக்கும் மருந்து ஒன்று இரத்தத்தில் கலந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இருப்பு குறைந்துபோன முதிய தட்டணுக்கள் உடனே மடியும். மருந்தின் அளவு கூடக்கூட இளையவையும் போகும். நாவிடோகிளாக்ஸ் சோதனைகளில் இதுவேதான் நடந்தது: மருந்து கொடுத்தவுடன் தட்டணு எண்ணிக்கை செங்குத்தாகச் சரிந்தது. ஒரு வாரம் 150 மில்லிகிராம் என்னும் குறைந்த அளவு கொடுத்து, முதிய தட்டணுக்கள் போய் மஜ்ஜை இளையவற்றை அனுப்பிய பிறகு அளவை ஏற்றும் உத்தி சரிவைத் தணித்தது. ஆனால் இரத்தக் கசிவு அபாயமின்றி எட்டக்கூடிய அளவுக்கு ஓர் உச்சவரம்பு இருந்தே தீர்ந்தது. பக்கவிளைவு என்ற சொல் இங்கே பொருந்தாது. மருந்து தன் இலக்கைச் சரியாகத் தாக்குவதன் நேரடி விளைவு இது. எவ்வளவு தூய்மையான மூலக்கூறைச் செய்தாலும் இது போகாது.

அப்படியானால் இந்த இலக்கைக் கைவிட்டுவிடலாமா? கூடாது என்பதே என் எண்ணம். திடக்கட்டிகள் பலவற்றில், குறிப்பாகக் கீமோதெரபியால் காயமுற்றும் சாகாமல் ஒடுங்கிக் கிடக்கும் முதுமையடைந்த செல்களில், உயிரைக் காப்பது பெரும்பாலும் பிசிஎல்-எக்ஸ்எல்தான். தவிர, ஆபத்து எந்தத் திசுவில் இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்துவிட்டதால் அந்தத் திசுவைச் சுற்றிக்கொண்டு போகும் வழியைத் தேட முடிகிறது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் உருவான டிடி2216 அப்படிப்பட்ட ஒரு வழி. நாவிடோகிளாக்ஸின் ஒரு வடிவத்தை சிதைக்க வேண்டிய புரதங்களை அடையாளமிட உதவும் விஎச்எல் என்னும் புரதத்தைப் பிடிக்கும் இன்னொரு முனையோடு இணைத்து, இலக்கைத் தடுப்பதற்குப் பதிலாகச் செல்லின் குப்பைத்தொட்டிக்கே அனுப்பிவிடும் புரோட்டாக் வகை மூலக்கூறு அது. தட்டணுக்களில் விஎச்எல் மிகக் குறைவு என்பதால் அங்கே சிதைப்பு நடப்பதில்லை, கட்டியில் நடக்கிறது. இதை விளக்கும் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. மருந்தை ஓர் எதிர்ப்புரதத்தின் முதுகில் ஏற்றிக் கட்டிக்கு மட்டும் அனுப்புவது இன்னொரு வழி.

செலவு, மூலக்கூறின் பருமன். புரோட்டாக் மூலக்கூறுகள் பெரியவை, செல்லுக்குள் நுழையவும் குடலில் உறிஞ்சப்படவும் சிரமப்படுபவை. வேதியியலில் ஆழ்ந்த பயிற்சி உள்ள குழுவுக்கே இது ஏற்ற களம்.

## எம்சிஎல்-1: எல்லோரும் விரும்பும், யாராலும் நெருங்க முடியாத இலக்கு

மாணவர்கள் மிகுதியாகக் கேட்பது இதைப் பற்றித்தான். கவர்ச்சிக்குக் காரணம் உண்டு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட புற்றுநோய் மாதிரிகளை அலசி 2010-இல் வெளியான பெரும் ஆய்வில், எம்சிஎல்-1 மரபணு அடிக்கடி பெருக்கமடையும் பகுதிகளுள் ஒன்றாக வெளிப்பட்டது. வெனிடோகிளாக்ஸிலிருந்து தப்பும் செல்கள் பலவும் இதன் பின்னால்தான் ஒளிகின்றன. 2016-இல் எம்சிஎல்-1 புரதத்தைத் தடுக்கும் எஸ்63845 என்னும் மூலக்கூறு எலிகளில் பல வகைக் கட்டிகளைச் சுருக்கியபோது, அடுத்த வெனிடோகிளாக்ஸ் வந்துவிட்டது என்றே பலர் நம்பினார்கள்.

முதல் அளவுகோலை அப்போதே கேட்டிருந்தால் நம்பிக்கை சற்று அடங்கியிருக்கும். எம்சிஎல்-1 இல்லாத எலிக் கரு கருப்பையில் பதிவதற்கு முன்பே அழிகிறது. இரத்தத்தின் மூலச்செல்கள் அதை நம்பியிருக்கின்றன. 2013-இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், வளர்ந்த எலியின் இதயத் தசையிலிருந்து மட்டும் அதை நீக்கியபோது இதயம் செயலிழந்தது. பாக்ஸ், பாக் இரண்டையும் கூடவே நீக்கியபோது எலிகள் பிழைத்தன. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் பழுது அப்படியே இருந்தது. சாவைத் தடுப்பதோடு நிற்காமல் மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தியிலும் எம்சிஎல்-1 பங்கெடுக்கிறது என்பதே இதன் பொருள்.

பிறகு ஏன் எலிகள் மருந்தைத் தாங்கின? இந்தத் தடுப்பான் எலியின் எம்சிஎல்-1 புரதத்தைவிட மனிதனின் எம்சிஎல்-1 புரதத்தைச் சுமார் ஆறு மடங்கு வலுவாகப் பிடிக்கிறது. கட்டியோ மனிதச் செல்லால் ஆனது. அதைச் சுமக்கும் உடல் எலியினுடையது. கட்டி முழு அடியையும் வாங்கியது, எலியின் இதயம் அரைகுறை அடியை வாங்கியது. மனித எம்சிஎல்-1 புரதத்தைக் கொண்ட எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது அவற்றின் தாங்கும் அளவு குறைந்தது. இந்தத் துறையில் நுழைபவர் கட்டாயம் கணக்கில் கொள்ள வேண்டிய மறைமுகச் செலவு இதுதான்: சாதாரண எலியில் கிடைக்கும் பாதுகாப்பு முடிவை நம்ப முடியாது. மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் இரத்தத்தில் ட்ரோபோனின் உயர்ந்து, இதயத் தசைக்கு அடிபடுவதைக் காட்டியது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளின் சோதனைகள் இதயம் தொடர்பான கவலையால் நிறுத்தப்பட்டன. தட்டணு மீண்டும் பிறக்கும். இதயத் தசைச் செல் ஏறக்குறைய பிறப்பதே இல்லை. இரண்டாவது இலக்கும் மூன்றாவது இலக்கும் பிரியும் இடம் இதுவே.

ஆய்வகத்தில் ஒரு பொறியும் காத்திருக்கிறது. எம்சிஎல்-1 மிகக் குறுகிய ஆயுள் கொண்டது. புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்ஸிமைடு சேர்த்து நேரத்துக்கு நேரம் மாதிரி எடுத்து வெஸ்டர்ன் பிளாட் போட்டால், பிசிஎல்-2 பட்டை அசையாமல் நிற்க, எம்சிஎல்-1 பட்டை ஓரிரு மணி நேரத்தில் மங்கி மறையும். அதே செல்லில் எம்சிஎல்-1 தடுப்பானைச் சேர்த்தால் பட்டை முன்னைவிடக் கறுப்பாகிறது. தடுப்பான் பள்ளத்தில் அமர்ந்ததும் புரதம் நிலைபெற்று, சிதையாமல் குவிவதால் வரும் தோற்றம் அது. மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி நல்ல பரிசோதனையைத் தூக்கி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மிகவும் வருத்தமாக இருக்கும். பட்டையின் கறுப்பைப் பார்க்க வேண்டாம், எம்சிஎல்-1 புரதத்திடமிருந்து பிம், பாக் விடுபட்டனவா என்று பாருங்கள்.

குறுகிய ஆயுளே ஒரு வாய்ப்பும் ஆகிறது. மரபணுக்களைப் படியெடுக்க உதவும் சிடிகே9 நொதியைத் தடுத்தால் எம்சிஎல்-1 உற்பத்தி நின்று, சில மணி நேரத்தில் அளவு சரிகிறது; மருந்து போனதும் மீள்கிறது. விட்டுவிட்டுக் கொடுக்கும் முறையில் இதயத்துக்கு ஓய்வு தர முடியுமா என்ற கேள்வி உயிரோடு இருக்கிறது. ஆனால் சிடிகே9 தடுப்பு வேறு பல மரபணுக்களையும் அடக்கும் என்பதால், கிடைக்கும் பலனை எம்சிஎல்-1 கணக்கில் மட்டும் எழுத முடியாது.

## மற்ற இரண்டு வாசல்கள்

பிஎஃப்எல்-1 புரதத்தின் பள்ளத்தில் பிணைப்புக்கு ஏற்ற ஒரு சிஸ்டீன் இருப்பதால் வேதியியலாளர்களுக்கு அதில் ஆர்வம் உண்டு. மெலனோமாவிலும் சில லிம்போமாக்களிலும் அதற்கு இடம் இருக்கலாம். பாக்ஸ் புரதத்தை நேரடியாகத் தட்டி எழுப்பும் மூலக்கூறுகளும் உள்ளன. இரண்டும் இன்னும் தொடக்க நிலையில் இருப்பதால் மேலே சொன்ன மூன்றோடு சமமாக நிறுத்தி ஒப்பிடவில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பிசிஎல்-2 | பிசிஎல்-எக்ஸ்எல் | எம்சிஎல்-1 |
|---|---|---|---|
| முதலில் சரியும் நலமான திசு | லிம்போசைட்டுகள், நியூட்ரோபில்கள் | தட்டணுக்கள் | இதயத் தசை, இரத்த மூலச்செல்கள் |
| சரிவு மீளுமா | பெரும்பாலும் மீளும் | சில நாட்களில் மீளும் | இதயத்தில் உறுதியில்லை |
| சார்பு மிகுந்த நோய்கள் | லிம்போசைட்டிக், மைலாய்டு லுகேமியாக்கள் | திடக்கட்டிகள் பல | மைலோமா, மைலாய்டு லுகேமியா, சில மார்பகப் புற்றுநோய்கள் |
| தனித்துப் பிடிக்கும் மூலக்கூறு | மருந்தாக உள்ளது | உண்டு; திசுவை விலக்கும் வழியும் வேண்டும் | உண்டு; சோதனையில் தடைபட்டது |
| தப்பிக்கும் வழி | பள்ளத்தில் மாற்றம், எம்சிஎல்-1 | எம்சிஎல்-1 | பிசிஎல்-எக்ஸ்எல் |

## யாருக்கு எது

நோயாளிகளின் மாதிரிகள் கையில் கிடைக்கும், மருத்துவமனையோடு சேர்ந்து இயங்கும் குழு என்றால் பிசிஎல்-2 புரதத்தையே எடுங்கள். மருந்து இருக்கிறது என்பதற்காக அந்தக் களம் முடிந்துவிடவில்லை. யாருக்கு எவ்வளவு காலம் கொடுப்பது, நிறுத்திய பின் திரும்பி வரும் நோயை எப்படி எதிர்கொள்வது, மருந்தை எதனோடு சேர்ப்பது என்ற கேள்விகளுக்கான விடை அடுத்த ஆண்டே ஒருவரின் சிகிச்சையை மாற்றக்கூடும். திடக்கட்டிதான் உங்கள் நோக்கம், புதிய மூலக்கூறு கட்டும் வேதியியல் வசதியும் இருக்கிறது என்றால் பிசிஎல்-எக்ஸ்எல் ஏற்றது. எம்சிஎல்-1 புரதத்தைத் தேர்வதானால், இதயத்தின் உயிரியலை முக்கியக் கேள்வியாக வைத்துக்கொண்டு தேருங்கள். மனித எம்சிஎல்-1 கொண்ட எலிகளும், மனித மூலச்செல்லிலிருந்து வளர்த்த இதயத் தசைச் செல்களும் தொடக்கத்திலிருந்தே திட்டத்தில் இருக்க வேண்டும். இன்னும் ஒரு தடுப்பானைச் செய்து இன்னும் ஒரு கட்டியைச் சுருக்கிக் காட்டுவதில் இப்போது பொருளில்லை.

எதைத் தேர்ந்தாலும், முதல் மாதத்தில் ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். உங்களிடமுள்ள புற்றுநோய்ச் செல்களின் சவ்வைத் திறந்து, மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தூதுப் புரதங்களின் பிஎச்3 துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். பேட் துண்டுக்கு மட்டும் துளை விழுந்து எச்ஆர்கே என்னும் இன்னொரு தூதுப் புரதத்தின் துண்டுக்கு விழாவிட்டால் அந்தச் செல் பெரும்பாலும் பிசிஎல்-2 புரதத்தை நம்பியிருக்கிறது. இரண்டுக்கும் விழுந்தால் பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்தை. நோக்ஸா துண்டுக்கு விழுந்தால் எம்சிஎல்-1 புரதத்தை. ஒரு பிற்பகலில் முடியும் இந்தச் சோதனையை நலமான செல்களிலும் சேர்த்தே செய்து, இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு இலக்கின் பெயரை எழுதுங்கள்.